பாறையப்பர் வானம் பார்த்த இடங்கள்

ஒரு காட்டில் மழை அதிகம். அதனால் பாசியும் அதிகம். அங்கே மலையுச்சிப் பாறையில் பாறையப்பர் என்ற கிழட்டு வரையாடு தனியாக வாழ்ந்துவந்தார். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை அவருக்கு! கீழே சுனைக்குத் தண்ணீர் குடிக்கப் போகும்போதுகூடத் தாடையை நீட்டிக்கொண்டு நிமிர்ந்துதான் நடப்பார். காலடியைப் பார்க்க மாட்டார்.

பிள்ளைகளே, வரையாட்டுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயதானவர் யாராவது விழுந்துவிட்டால், அவரை அடிவாரத்துக்கு இறக்கிவிடுவார்கள். அங்கே புல் உண்டு, நிழல் உண்டு, ஓயாமல் பேசும் எருமைகளும் உண்டு. அடிவாரம் என்று யாராவது சொன்னாலே பாறையப்பர் எழுந்து மேலே நடந்துவிடுவார்.

ஒருநாள் காலை சுனைக்குப் போகும் வழியில் அவர் தொப்பென்று விழுந்தார். அந்த வழியோரத்து வளையில் செதிலி என்ற அழுங்கு, அதாவது எறும்புதின்னி, வசித்தாள். உடம்பெல்லாம் செதில், காலெல்லாம் நகம். பகலெல்லாம் தூங்குகிறவள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

"பெரியவரே, விழுந்துவிட்டீர்களா?"

"விழுவதாவது! வானம் பார்க்கிறேன்" என்றார், மல்லாந்து கிடந்த பாறையப்பர்.

"நல்ல வானம்தான்" என்று சொல்லிவிட்டு அவள் தூங்கப் போனாள்.

இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில் விழுந்தார். அன்றும் செதிலி எட்டிப் பார்த்தபோது வானம்தான் பார்த்தார். தூறல் வேறு.

மூன்றாம் முறை அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஒரு சாண் தள்ளிப் பெரும்பள்ளம். கூப்பிட்டால் கூட்டம் ஓடிவரும், ஓடிவந்தால் அடிவாரம்தான். அதனால் வாயை இறுக மூடிக்கொண்டு உச்சிவேளைவரை அப்படியே கிடந்தார். நாக்கு வறண்டது. ஐயோ பாவம், பள்ளத்தைப் பார்க்காமல் கண்ணையும் மூடிக்கொண்டார். விழுந்த சத்தம் கேட்டும் திரும்பி நடக்கும் சத்தம் கேட்கவில்லையே என்று செதிலி தேடிவந்து, முதுகைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"இன்றைக்கு ரொம்ப நேரம் பார்த்துவிட்டீர்கள் போல?"

"மேகம் கொஞ்சம் அதிகம்" என்றார்.

செதிலி யோசித்தாள். பார்த்து நடங்கள் என்று சொன்னால் இவர் முட்டவருவார்.

"பெரியவரே, நீங்கள் வானம் பார்த்த இடங்களைக் குட்டிகளும் வந்து பார்க்கலாமே! ஆனால் அதுகளுக்கு உங்களைப் போலக் கால் நிதானம் ஏது? அந்த மூன்று இடத்திலும் பாசியைச் சுரண்டிவிடட்டுமா?"

பாறையப்பரின் தலை நிமிர்ந்தது.

"குட்டிகளுக்காகத்தானே? தாராளமாகச் செய். ஆனால் மூன்று என்று யார் சொன்னது? ஏழு!"

நொண்டி நொண்டி வந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். "இங்கே ஒருமுறை. அதோ, அந்த வேர் தடுக்கி... அதாவது, அந்த வேருக்குப் பக்கத்தில் இரண்டு முறை."

செதிலி ஏழு இடத்திலும் பாசியைச் சுரண்டினாள். வேரைத் தோண்டி எடுத்தாள். ஆடிய கல்லை உருட்டித் தள்ளினாள். அதன்பிறகு அவளுக்குப் பகலில் நல்ல தூக்கம்.

பத்து நாள் கழித்துக் கூட்டத்தலைவி கருங்கொம்பி உச்சிக்கு வந்தாள்.

"பெரியப்பா, நீங்கள் அடிக்கடி விழுவதாகக் காகம் சொல்கிறது. உண்மையா?"

பாறையப்பர் பாதையைப் பார்த்தார். பத்து நாளில் ஒரு குட்டிகூட வரவில்லை. செதிலி யாருக்காகச் சுரண்டினாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது, கண்ணும் கலங்கியது.

"உண்மைதான் தாயி. ஏழு இடத்தில் விழுந்தேன். கேட்டவர்களிடம் வானம் பார்த்ததாகச் சொன்னேன். வா, காட்டுகிறேன். செதிலிதான் பாசியைச் சுரண்டிக் கொடுத்தாள். அதில் ஓர் இடமாவது இப்போது வழுக்குகிறதா என்று நீயே மிதித்துப் பார்."

கருங்கொம்பி ஏழு இடத்தையும் மிதித்துப் பார்த்தாள். ஒன்றும் வழுக்கவில்லை.

"சரி, நீங்கள் உச்சியிலேயே இருங்கள்" என்றாள். பிறகு செதிலியின் வளைக்குள் தலையை நுழைத்து, மெல்லிய குரலில் கேட்டாள்:

"என் வீட்டு வழிக்கும் ஒருநாள் வருகிறாயா? நானும் இரண்டு இடத்தில் வானம் பார்த்திருக்கிறேன்."

நீதி: விழுந்ததை மறைத்தால் பாசி அப்படியே இருக்கும், வெளியே சொன்னால் சுரண்டிவிடலாம்.