தரையில் ஒட்டிய காலண்டர்

ஓவியர் ஞானவேந்தன் சென்னையில் ஒரு கண்காட்சி வைத்தார். கூடத்துத் தரை முழுக்கப் பழைய கடைக் காலண்டர்கள். லட்சுமிக்குக் கீழே நகைக்கடை, முருகனுக்குக் கீழே மூக்குப்பொடி.

"இதெல்லாம் சாமியில்லை, வெறும் விளம்பரம்! திருமங்கலம் பாத்திரக்கடை சுப்பையா மகன் சொல்கிறேன், மிதித்து நடங்கள். அதுதான் கலை!" என்று மைக்கில் முழங்கினார்.

ஒருவரும் மிதிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக நின்று, "இது எங்க அடுக்களையில தொங்கினதாச்சே! என் பிறந்தநாளை அம்மா இதுலதான் சுழிச்சு வெப்பாங்க" என்று உருகினார்கள்.

ஓவியருக்கு எரிச்சல். கூடம் பெருக்கும் பூமயிலைக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. ஜனங்களை இதுமேல நடக்க வை. இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை."

"நீங்க முன்னால நடங்க சார். எல்லாரும் பின்னாலயே வந்துடுவாங்க" என்றாள் பூமயில். அவர் போனதும், ஒட்டாமல் மிஞ்சிய காலண்டர் கட்டைப் பிரித்துத் தேடி, ஒன்றை எடுத்து நடுவில் ஒட்டினாள்.

மறுநாள் கேமராக்கள் பார்க்க, ஓவியர் ஷூவோடு விறைப்பாக நடந்தார். நகைக்கடையை மிதித்தார், மூக்குப்பொடியை மிதித்தார். நடுவில் வந்ததும் தூக்கிய கால் அப்படியே நின்றது. கீழே மீனாட்சி, அவள் காலடியில் 'சுப்பையா பாத்திரக்கடை, திருமங்கலம்'.

"நடங்க சார், வெறும் விளம்பரம்தானே?" என்றாள் பூமயில்.

ஓவியர் ஒற்றைக்காலில் தள்ளாடினார். "எங்கப்பா கடைம்மா... மார்கழி வந்தா நான்தான் இதையெல்லாம் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுவேன்."

"அவங்களும் அதைத்தான் சார் சொல்றாங்க" என்று சுவரோரம் நின்றவர்களைக் காட்டினாள்.

ஓவியர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார்.