ஆணியில் மாட்டிய பை

கிட்ட வந்து உட்காருங்க, கத்திச் சொல்ல எனக்கு மூச்சு பத்தாது.

ஓடைக்கரைப்பட்டி அரசுத் தொடக்கப்பள்ளியில் அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து இருபத்தேழு பிள்ளைகள், ரெண்டு டீச்சர். ஒருநாள் கல்வி அதிகாரி தணிகாசலம் ஜீப்பில் வந்து இறங்கினார். பேர் எழுத ஒரு கிளார்க், வண்டிக்கு ஒரு டிரைவர்.

"இத்தனூண்டு பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு சம்பளமா? ஒருத்தர் போதும். செல்வராணி டீச்சர், நீங்க இன்னைக்கே வேற ஊருக்குக் கிளம்புங்க" என்று தாளில் எழுதிவிட்டார். செல்வராணி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவர் ஆணியில் தொங்கின பையை எடுத்துத் தோளில் மாட்டி வாசலுக்குப் போனாள்.

சத்துணவு ஆயா வெள்ளையம்மா கரண்டியோடு வந்தாள். "ஐயா, உலை வைக்கணும். இன்னைக்கு எத்தனை பிள்ளை வந்திருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. நீங்க ஒருத்தர் போதும், கிளார்க்கும் டிரைவரும் ஜீப்பிலேயே இருக்கட்டும்."

"இதென்ன மலையா?" என்று அதிகாரி எண்ண ஆரம்பித்தார். முதல் தடவை இருபத்திரண்டு வந்தது. மறு தடவை முப்பத்தொன்று. ஒருத்தன் ஒண்ணுக்குப் போகணும் என்றான். ஒருத்தி பல் விழுந்ததென்று அழுதாள். ரெண்டு பேர் அவர் காலடியிலேயே கட்டிப் புரண்டார்கள்.

"ஒத்தை ஆளா நான் எதைப் பார்க்கிறது? இன்னொரு ஆளைக் கூப்பிடும்மா!" என்று அலறினார்.

"கூப்பிடுறேன் ஐயா. எண்ணுறதுக்கே இன்னொரு ஆள் வேணும்னா, பாடம் சொல்ல வேண்டாமா?"

ஜீப்பிலிருந்த கிளார்க்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதிகாரி, எழுதின தாளை மெதுவாக நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளையம்மா வாசலுக்குப் போய் டீச்சரைக் கூப்பிட்டாள். செல்வராணி டீச்சர் தோளிலிருந்த பையைக் கழற்றி, பழைய ஆணியிலேயே மாட்டினாள்.