அரசரின் வலக்கை வைத்தியம்

வெகு காலத்துக்கு முன்பு வெண்மணல் நாட்டை வில்லவராயர் என்று ஓர் அரசர் ஆண்டார். காலையில் ஒருவருக்குப் பல்லக்கு கொடுப்பார். மாலையில் அதே ஆளை நடந்தே ஊரைவிட்டுப் போகச் சொல்வார்.

அவர் சபையில் ஓலை எழுதியவன் நக்கன். உப்பளத்துக் குடும்பத்தில் முதலில் எழுத்துப் படித்தவன். வந்து ஓராண்டாகியும், அரண்மனைப் பந்தியில் அவன் இலைக்கு இரு பக்கமும் காலியாகவே கிடக்கும்.

அந்த வருடம் ஊரில் காய்ச்சல். கீழவீதிக் காளத்தியம்மாளின் கஷாயத்துக்குக் கூட்டம் கூடியது. அரண்மனை வைத்தியர் மேனிநாதருக்குப் பொறுக்கவில்லை. போட்டி வைக்கச் சொன்னார். அது முடிந்ததும் காளத்தியம்மாளோடு சபைக்கு வந்து முறையிட்டார்:

"மன்னா, நாற்பது நோயாளிகளைச் சீட்டுப் போட்டுச் சரிபாதியாகப் பிரித்தோம். மூன்று நாளில் என் இருபது பேரில் பதின்மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். இவளிடம் பதினொருவர்தான். இவளை நாடு கடத்துங்கள்!"

"நக்கா, எழுது ஓலையை!" என்றார் அரசர்.

நக்கனின் எழுத்தாணி நகரவில்லை.

"என்னப்பா, கை வலிக்கிறதோ?" என்றார் வைத்தியர். சபை சிரித்தது.

"இல்லை ஐயா, பயமாக இருக்கிறது. ஒரு குடம் கிடைக்குமா?"

நாற்பது ஓலை நறுக்குகளில், இருவரிடமும் எழுந்தவர்களின் கணக்குப்படி இருபத்துநான்கில் 'எழுந்தார்', பதினாறில் 'கிடந்தார்' என்று எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினான்.

"மன்னா, பார்க்காமல் இருபதை எடுத்து வலக்கைப் பக்கம் வையுங்கள். மீதி இடக்கைப் பக்கம்."

எண்ணினார்கள். வலப்பக்கம் பதினான்கு பேர் எழுந்திருந்தார்கள், இடப்பக்கம் பத்து.

"மன்னா, தங்கள் வலக்கையை அரண்மனை வைத்தியராக்கலாமா? இடக்கையை நாடு கடத்தலாமா?"

"அடேய்! என் கை யாருக்கும் மருந்தே கொடுக்கவில்லையே!"

"கொடுக்காமலே நான்கு பேர் வித்தியாசம், மன்னா. வைத்தியர் காட்டியது இரண்டு."

பத்து முறை குலுக்கினார்கள். எட்டு முறை ஏதோ ஒரு பக்கம் இரண்டோ அதற்கு மேலோ கூடியது.

"அப்போது என் மருந்தும் அவள் கஷாயமும் ஒன்றா?" என்று கொதித்தார் மேனிநாதர்.

"அப்படிச் சொல்லவில்லை ஐயா. வேறு என்று சொல்ல இந்த நாற்பது பேர் போதாது."

"சரி, எதுதான் மேல்?" என்றார் அரசர்.

"தெரியாது, மன்னா."

அந்தச் சபையில் அதுவரை யாரும் சொல்லாத சொல். ஒருவரும் 'ஆகா' என்று சொல்லவில்லை. காளத்தியம்மாள்கூட, "என் கஷாயம்தான் மேல் என்று சொன்னால் என்ன, தம்பி?" என்று முறைத்தாள். நக்கன் குனிந்து நறுக்குகளைப் பொறுக்கினான்.

அரசர்தான் திடீரென்று சிரித்தார். "காளத்தி ஊரிலேயே இருக்கட்டும். மேனிநாதரே, ஒரு மாதம் நீர் நக்கனுக்குப் பக்கத்து இலையில்தான் சாப்பிட வேண்டும்!"

மூன்று நாள் வைத்தியர் முகத்தைத் திருப்பிக்கொண்டே சாப்பிட்டார். நான்காம் நாள் ரசம் வரும்போது, தன் இலையைப் பார்த்தபடியே கேட்டார்:

"எத்தனை பேர் இருந்தால் தெரியும்?"

ஓராண்டில் முதல் முறையாக, பந்தியில் பேச்சு நீண்டு நக்கனின் சாப்பாடு ஆறிப்போனது.