சூரியன் தெரிகிற வரை அரை விலை

மலிவாகச் சாப்பிடுவதற்கும் ஒரு மூளை வேண்டும். மகுடபுரியில் அந்த மூளை விடங்கனிடம் இருந்தது. அரசனைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். ஆனால் சம்பளம்தான் அரண்மனையில், வயிறு கடைத்தெருவில். எந்தக் கடையில் கள் புளிக்காமல் இருக்கும், எவள் சட்டியில் கோழித்துண்டு பெரிதாக விழும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

அந்த ஊர்க் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில், கடை வாசலில் நிற்கிற வாடிக்கைக்காரன் கண்ணுக்குச் சூரியன் தெரிகிற வரை கள்ளும் கறியும் அரை விலை. மறைந்துவிட்டால் முழு விலை. கல் உடைக்கிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் நாக்குக்கு ருசியாகச் சாப்பிடுவது அந்த வேளையில்தான்.

ஊரே சிரித்துக்கொண்டு சாப்பிட்டால் பொக்கிஷ மந்திரி பட்டாபியாருக்குத் தூக்கம் வருமா?

"மன்னா, விலை பாதியானால் நமக்கு வரும் வரியும் பாதி. இந்த வழக்கத்தை ஒழித்துவிடுங்கள்" என்றார்.

மன்னன் மகுடராயன் நல்லவன்தான். வரி என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் நல்லதனம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். "நாளையே தண்டோரா போடுங்கள்" என்றான்.

விடங்கன் குறுக்கே பாய்ந்தான். "மன்னா! ஒரே ஒரு தரம் நீங்களே அரை விலைக்குச் சாப்பிட்டுப் பாருங்க. அப்புறம் ஒழிங்க."

"நான் அரசன். எனக்கு எதற்கடா அரை விலை?"

"அரசருக்கு எல்லாமே சும்மா கிடைக்கும் மன்னா. மலிவா வாங்கித் தின்கிற சுகம் மட்டும் கிடைக்காது."

மன்னன் யோசித்தான். தனக்குக் கிடைக்காத சுகம் ஒன்று ஊரில் இருக்கிறதா? அதை எப்படி விடுவது?

"சரி. இன்று சபை முடிந்ததும் மாறுவேடத்தில் வருகிறேன். அரை விலைக்கு என்னைச் சாப்பிட வை. முடிந்தால் வழக்கம் இருக்கட்டும். முடியவில்லை என்றால் தண்டோராதான்."

சபையை முடிய விட்டால்தானே! பட்டாபியார் அன்று மாலை ஏரி மதகுக் கணக்கைப் பிரித்தார். அது முடிந்ததும் யானைத் தீவனக் கணக்கு. அதுவும் முடிந்ததும், யானை தின்னாமல் மிச்சம் வைத்த தீவனத்தின் கணக்கு. விடங்கன் சாளரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டான்.

ஒருவழியாக மன்னன் செட்டியார் வேடம் போட்டுக் கிளம்பியபோது கடைத்தெருவில் நிழல் விழுந்திருந்தது. சாட்சிக்கு வந்த பட்டாபியார் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"முழு விலை, செட்டியாரே" என்றான் முதல் கடைக்காரன்.

"முடிந்தது கதை" என்றார் பட்டாபியார். "தண்டோராக்காரனைக் கூப்பிடட்டுமா?"

விடங்கன் அண்ணாந்து பார்த்தான். ஊருக்குக் கிழக்கே குன்று. குன்றின் மேல் படிக்கட்டுத் தெரு. அங்கே படிக்குப் படி கடைகள். பாதிக்கு மேல் இன்னும் மஞ்சள் வெயில்!

"இங்கே மறைஞ்சா என்ன? மேலே தெரியுதே! செட்டியாரே, ஓடுங்க!"

"யாரடா செட்டியார்?"

"நீங்கதான்! ஓடுங்க!"

மன்னன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். பணியாரக் கடையில் கையை நீட்டுவதற்குள் வெயில் மேல்படிக்குப் போய்விட்டது. சுண்டல் கடையிலும் அதே கதை. வெயில் முன்னே, அரசன் பின்னே. பிறந்ததிலிருந்து எதையும் துரத்திப் பிடிக்க வேண்டியிராத மன்னனுக்கு இது தாங்க முடியாத குஷி. "விடாதே! பிடி!" என்று வெயிலைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஏறினான். பட்டாபியார் பின்னால் புஸ்புஸ்ஸென்று வந்தார்.

உச்சியில் கடைசிக் கடை செம்பாயியுடையது. எதிரே ஆளுயரக் கோட்டைச் சுவர். சூரியன் சரியாக அதன் பின்னால் இறங்கிவிட்டது.

"போயிடுச்சே செட்டியாரே" என்றாள் செம்பாயி.

மன்னன் முகம் தொங்கிப் போயிற்று. விடங்கன் சட்டென்று குந்தினான்.

"ஏறுங்க என் தோள்ல!"

மன்னன் ஏறினான். விடங்கன் முக்கி முனகி எழுந்தான். சுவருக்கு மேலே மன்னன் தலை வந்தது.

"தெரியுது! தெரியுதுடா! அம்மாடி, முழுசாத் தெரியுது!"

செம்பாயி விழுந்து விழுந்து சிரித்தாள். "பிழைக்கத் தெரிஞ்ச ஆளுங்கதான்! இந்தாங்க, அரை விலை!"

மன்னன் தோளில் உட்கார்ந்தபடியே கோழி வறுவலைக் கடித்தான். ஒரு வாய் கள் குடித்தான். கால்களைச் சின்னப் பிள்ளைபோல ஆட்டினான். "விடங்கா, இத்தனை நாள் அரண்மனைச் சமையற்காரன் என்னைப் பட்டினி போட்டிருக்கிறான்!" என்றான். மசாலா விடங்கன் தலையில் சொட்டியது.

"ஆத்தா, எனக்கும் ஒரு தட்டு" என்றான் விடங்கன்.

"உனக்கு முழு விலை. உன் கண்ணுக்கு எங்கே சூரியன் தெரியுது?"

"பார்த்தீர்களா? இதுதான் இந்த வழக்கத்தின் லட்சணம்!" என்று பட்டாபியார் குதித்தார். "சுமக்கிறவன் முழு விலை கொடுக்கிறான். இது என்ன நியாயம்?"

விடங்கன் அண்ணாந்து, மன்னனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "நம்ம நாட்டு நியாயம் அதுதானே மன்னா? மேலே உட்கார்ந்தவருக்குச் சலுகை, சுமக்கிறவனுக்கு முழு விலை. சாயங்காலம் ஒரு வேளைதான் அது மாறும். அதையும் நிறுத்தச் சொல்றாரே மந்திரி."

ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன. மன்னன் மெல்ல இறங்கினான்.

"பட்டாபியாரே, குனியும்."

"எதற்கு?"

"விடங்கனும் சூரியனைப் பார்க்க வேண்டாமா? குனியும்!"

அரச கட்டளை. பட்டாபியார் குனிந்தார். விடங்கன் ஏறினான். "ஆத்தா, நகத்தளவு தெரியுது! ரெண்டு தட்டு போடு, சீக்கிரம்!"

மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விடங்கன் அவசரமில்லாமல் எலும்பைக்கூட மென்று முடித்து இறங்கினான். சட்டியிலிருந்து வந்த மிளகு வாசனை அத்தனை நேரமும் பட்டாபியாரை என்னவோ செய்துகொண்டிருந்தது. மன்னன் பார்க்காதபோது அவர் செம்பாயியிடம் குனிந்து கிசுகிசுத்தார்.

"ஆத்தா... எனக்கும் ஒரு தட்டு... அரை விலைக்கு..."

செம்பாயி மங்கிப்போன வானத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"சூரியன் போயிடுச்சுங்க. நாளைக்குச் சீக்கிரம் வாங்க!"

"வருவார் ஆத்தா!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தான் மன்னன். "நாளையிலிருந்து யானைத் தீவனக் கணக்கெல்லாம் காலையிலேயே!"