பொந்து சொன்ன சேதி

ஒரு காட்டில் ஓடையெல்லாம் வற்றி, ஒரே ஒரு குட்டைதான் மிச்சம் இருந்தது, குழந்தைகளே. காலையில் மான்களும் மாலையில் பன்றிகளும் குடிப்பதாக ஏற்பாடு. தண்ணீர் குறையக் குறைய இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன.

அந்தக் காட்டுக்குச் சேதி சொல்வது ஆள்காட்டிக் குருவி. முன்பெல்லாம் பறந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்லும். வெயில் ஏறியதும் சோம்பல் வந்துவிட்டது. அங்கே ஒரு மருதமரத்தில் இருபுறமும் திறந்த பொந்து இருந்தது. ஒரு பக்கம் யார் பேசினாலும் மறுபக்கம் குரல் மட்டும் கேட்கும், முகம் தெரியாது. குருவி அங்கேயே உட்கார்ந்து, காதில் விழுந்ததையெல்லாம் சேதியாக்கியது.

ஒருநாள் காலை, பட்டினி கிடந்த கழுதைப்புலி பொந்தில் வாயை வைத்தது. சண்டை மூண்டால் தனக்குத் தீனி கிடைக்கும் என்று அதற்கு ஆசை.

"ஐயோ! பன்றிகள் மான்குட்டியைக் குத்திக் கொன்றுவிட்டன! குட்டையோரம் ஒரே ரத்தம்!"

குருவி சிறகை விரித்தது. மரத்தடியில் கிடந்த ஆமை பதறிப்போய், "நில்! நீ கண்ணால் பார்த்தாயா?" என்று கேட்டது.

"பார்த்துவிட்டு வருவதற்குள் அந்த மைனா முந்திக்கொண்டு சேதியைச் சொல்லிவிடும்."

"சொன்னது யார் என்றாவது தெரியுமா?"

"யாராக இருந்தால் என்ன? எவ்வளவு பெரிய சேதி!"

"பன்றிகள் என்று மட்டும் சொல்லிவிடாதே. ஏற்கெனவே எல்லோரும் கொதித்துப்போய் இருக்கிறார்கள்."

குருவி அதற்குள் பறந்துவிட்டது. "பன்றிகள் கொன்றன! பன்றிகள் கொன்றன!" என்று காடெங்கும் கத்தியது.

"விடிந்ததிலிருந்து என் குட்டியைக் காணோமே!" என்று ஒரு தாய்மான் அலறியது. கலைமான்கள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு குட்டைக்கு ஓடின; தாய்மானும் அலறியபடி பின்னால் ஓடியது. கரையில் படுத்திருந்த பன்றிகள் ஒன்றும் புரியாமல் எழுந்து எதிர்த்தன.

குருவிக்கு அப்போதுதான் பயம் வந்தது. பறந்து போய்க் குட்டையைச் சுற்றிப் பார்த்தது. அடுத்த கரையில், கோரைப்புல்லுக்குள், குட்டி சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது!

"பொய்! பொய்! குட்டி உயிரோடு இருக்கிறது!" என்று குருவி தொண்டை கிழியக் கத்தியது. அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. குட்டிக்கு மட்டும் கேட்டது. திடுக்கிட்டு எழுந்து, அம்மாவின் குரல் வந்த பக்கம் ஓடியது.

"போகாதே! போகாதே!" என்று குருவி கத்தியது.

புழுதி அடங்கியபோது குட்டி கரையில் செத்துக் கிடந்தது. மிதித்தது மானா பன்றியா என்று யாருக்கும் தெரியாது.

தாய்மான் நொண்டிக்கொண்டே குருவியிடம் வந்தது.

"நீதானே முதலில் பார்த்தாய்? சொல்லம்மா, சாகும்போது என் குட்டி என்னைத் தேடியதா?"



நீதி: முகம் தெரியாதவர் சொன்னதைச் சரிபார்க்காமல் பரப்பினால், பொய்யும் உயிரைக் குடிக்கும்.