எக்ஸ்பீரியன்ஸ் இல்லாதவள்

கடலுக்குப் போன புருஷன் திரும்பாமல் ஒரு வருஷம் ஆன பிறகு, செலஸ்தீனா தன் ஊர்க் கடற்கரையில் புதிதாகத் திறந்த விடுதிக்குச் சமையல் வேலை கேட்டுப் போனாள். வீட்டில் பிள்ளைகள் அரைவயிற்றோடு கிடந்தார்கள்.

மேனேஜர் ராஜகோபால் நிமிராமலே கேட்டார். "எந்த ஓட்டல்ல வேலை பார்த்த?"

"ஓட்டல்ல பார்த்ததில்ல சார். வீட்டுல நல்லா மீன் குழம்பு வைப்பேன். புருஷன் கடலோட போயிட்டாரு, அதான் வந்தேன்."

"எக்ஸ்பீரியன்ஸ் இல்லாதவங்களை வச்சுக்கிட்டு நான் என்னம்மா செய்யறது? கிளம்பு."

வரவேற்பறையில் இருந்த விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். செலஸ்தீனா கிளம்பவில்லை.

"சார், வாசல் போர்டுல 'மீனவர் வாழ்க்கை எக்ஸ்பீரியன்ஸ் இங்கே கிடைக்கும்'னு போட்டிருக்கீங்க. மீன்காரி எனக்கே அது இல்லைன்னா, இவங்களுக்கு யாரோடதை விக்கிறீங்க?"

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். "பதில் சொல்லுங்க சார்" என்றார் ஒருவர்.

மேனேஜரின் முகம் கறுத்தது. ஆனாலும் அவர் வியாபாரி. "சரி, நாளைக்கு வா. சமையலுக்கு இல்ல. சாயங்காலம் இவங்களுக்கு உன் புருஷன் போன கதையைச் சொல்லணும். சம்பளம் தரேன்" என்றார்.

பிள்ளைகளை நினைத்து அவள் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் மணலில் உட்கார்ந்து, தேடப் போன படகுகள் வெறுங்கையோடு திரும்பியதுவரை சொன்னாள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்தபடி, "இப்படி ஒரு எக்ஸ்பீரியன்ஸ் எங்களுக்குக் கிடைச்சதே இல்லை" என்றாள்.

"கிடைக்கவே வேண்டாம்மா" என்றாள் செலஸ்தீனா.