திருடனைக் காட்டும் தண்ணீர்

“ஆரத்தி கரைக்கிற பொம்பளை நியாய சபையில் வாயைத் திறக்கலாமா மகாராஜா? என் தீர்த்தத்துக்கு மரியாதை இல்லையா? இவளை முதலில் வெளியே அனுப்புங்கள்!”

ஓர் எழுத்துக்கூட மாறாமல் இதையே மூன்றாவது தடவையாகக் கத்தினார் ஞானகுமுதர். “கொஞ்சம் பொறுங்கள்” என்று மட்டும் சொல்லியிருந்த அஞ்சுகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கொன்றைநகர் அரண்மனையில் கல்யாணமானாலும் சரி, போரில் ஜெயித்து வந்தாலும் சரி, ஆரத்தி கரைப்பது அவள்தான். அவள் நாக்குக்குப் பயந்து மகுடவர்ம ராஜா அவளுக்குச் சபையில் ஓர் இடமும் கொடுத்து வைத்திருந்தார்.

சண்டை எதற்கு என்றால், ராணியின் ஒட்டியாணத்தைக் காணோம். அந்தப்புரத்துக்குள் போய்வந்த ஏழு வேலைக்காரர்களைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள். தேடலாம், விசாரிக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஞானகுமுதரைக் கூப்பிட்டார்கள். அவர் மஞ்சளாக ஒரு தீர்த்தம் வைத்திருந்தார். அதில் திருடன் கை பட்டால் ரத்தமாக மாறுமாம். ஆளுக்கொரு கிண்ணத்தில் ஊற்றிக் கையை விடச் சொன்னார். ஆறு கிண்ணம் மஞ்சளாகவே இருந்தது. ஏழாவது கிண்ணம் செக்கச்செவேல் என்று ஆனது.

அந்த ஏழாவது ஆள் ஒச்சப்பன். ஒரு வாரமாக அந்தப்புரச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவன்.

“தீர்த்தம் பொய் சொல்லாது. வலது கையை வெட்டுங்கள்” என்றார் ராஜா.

“மகாராஜா, நான் சுவரைத் தவிர எதையும் தொடலீங்க. இந்தக் கை போனா வெள்ளையடிக்கிற மட்டையை எதுல பிடிப்பேன்?” ஒச்சப்பன் அழுதான். அவன் நகக்கண் எல்லாம் வெள்ளை வெளேர் என்றிருந்தது.

அஞ்சுகம் நகத்தைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். இருபது வருஷமாக அவள் தட்டில் பார்க்கிற அதே சிவப்பு. ஆனால் யாரிடம் சொல்வது? சபையே கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றது. இவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் ஒச்சப்பன் கை தனியே கிடக்கும்.

“சரி சாமி, என் தப்புதான்” என்றாள் சட்டென்று. “தீர்ப்புத் தாம்பூலம் போடுங்கள். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன்.”

கொன்றைநகரில் அது ஒரு வழக்கம். தீர்ப்புச் சொன்னதும் சபையில் எல்லாரும் வெற்றிலை போட வேண்டும். போட்டால் தீர்ப்புக்குச் சம்மதம் என்று அர்த்தம். தட்டு சுற்றி வந்தது. ஒருவனுக்குக் கை போகப்போகிறது, இவர்களோ காம்பு கிள்ளி, விரலால் சுண்ணாம்பு தொட்டு, சாவகாசமாகத் தடவி மடித்தார்கள். ராஜாவுக்குச் சுண்ணாம்பு எப்போதும் கொஞ்சம் தூக்கலாக வேண்டும். ஞானகுமுதர் மட்டும் விரதம் என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டார்.

“சுண்ணாம்பு போதுமா எல்லாருக்கும்?” என்று அக்கறையாக விசாரித்தாள் அஞ்சுகம். பிறகு சொன்னாள்: “மகாராஜா, இவ்வளவு சக்தியுள்ள தீர்த்தம் தினம் கிடைக்குமா? வேலைக்காரர்களோடு ஏன் நிறுத்துவது? சபையில் எல்லாரும் ஒரு தடவை விரலை நனைத்துவிட்டால் நாட்டுக்கே நிம்மதி.”

ஞானகுமுதர் துள்ளி எழுந்தார். “முடியாது! ஒரு நாளைக்கு ஏழு பேருக்குத்தான் வேலை செய்யும்.”

“அப்படியா சாமி? எட்டாவது ஆளாகப் பார்த்துத் திருடினால் தப்பித்துக்கொள்ளலாமா?”

ராஜாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. “ஊற்றுங்கள் கிண்ணத்தில்” என்றார்.

முதலில் தளபதி மீசையை முறுக்கிக்கொண்டு விரலை விட்டார். சிவப்பு. முறுக்கிய மீசை தொங்கிப்போனது. அமைச்சர் கண்ணை மூடிக் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு விட்டார். சிவப்பு. பொக்கிஷக்காரர் விடுவதற்கு முன்பே, “அது பழைய கதை மகாராஜா, மன்னித்துவிடுங்கள்” என்று காலில் விழுந்தார். வயிறு குலுங்கச் சிரித்தார் ராஜா. சிரித்தபடியே தன் விரலையும் விட்டார்.

அத்தனை கிண்ணத்திலும் இதுதான் நல்ல அடர் சிவப்பு.

“நானா?” ராஜாவின் குரல் கீச்சென்றது. “என் பெண்டாட்டி ஒட்டியாணத்தை நான் திருடினேனா?”

“தீர்த்தம் பொய் சொல்லாது என்று நீங்கள்தானே மகாராஜா சொன்னீர்கள்? எந்தக் கையை வெட்டலாம்?” என்று கேட்டாள் அஞ்சுகம்.

அவள் மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பாக்குவெட்டியால் நறுக்கி, ஒரு மூடியை ராஜாவின் கிண்ணத்தில் பிழிந்தாள். சிவப்பு கலைந்து பழைய மஞ்சளானது.

“பாருங்கள், தெய்வம் உங்களை மன்னித்துவிட்டது. ஒரு மூடி எலுமிச்சம்பழம் லஞ்சம் வாங்கிக்கொண்டு!”

“இது என்ன மாயம்?” என்றார் அமைச்சர்.

“மாயமா? மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் திரும்பும். நீங்கள் பிறந்ததற்கு ஆரத்தி, பெண் பார்த்து வந்ததற்கு ஆரத்தி, பதவி ஏற்றதற்கு ஆரத்தி. ஐம்பது வருஷமாக முகத்துக்கு நேரே சுற்றுகிறோமே, அது எப்படிச் சிவந்தது என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?”

“தட்டின் நிறம் என்று நினைத்தேன்” என்றார் அமைச்சர் மெதுவாக.

“நன்றாக நினைத்தீர்கள். வெற்றிலை போட்டவன் எல்லாம் திருடன், வெள்ளையடிக்கிறவன் பெரிய திருடன். நியாயமாம் நியாயம்! கண்ணால் பார்த்ததை ஏன் என்று கேட்காத சபைக்கு ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் போதும், எவன் கையை வேண்டுமானாலும் வெட்டலாம்.”

ராஜா தன் விரலைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். தூண் அதிரச் சிரித்தார். ஒச்சப்பனின் கட்டை அவிழ்த்துவிடச் சொன்னார். அவன் இரண்டு கையையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான். வாசல் பக்கம் நழுவிய ஞானகுமுதரைக் காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். அஞ்சுகத்தின் கழுத்தில் ராஜாவே முத்துமாலையைப் போட்டார்.

“மாலை இருக்கட்டும் மகாராஜா. ஒட்டியாணம் இன்னும் கிடைக்கவில்லை. அன்றைக்கு அறைக்குள் யார் யார் போனார்கள், எப்போது வந்தார்கள், கதவுச் சாவி யாரிடம் இருந்தது என்று ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டும். சொன்னது சரியா என்று போய்ப் பார்க்க வேண்டும்.”

ராஜாவுக்குக் கொட்டாவி வந்தது. தளபதி தூணில் சாய்ந்தார்.

“அதெல்லாம் ரொம்ப நாள் இழுக்குமே அஞ்சுகம்” என்றார் ராஜா, சிம்மாசனத்தில் முன்னால் நகர்ந்து, ஆசையாக. “உனக்குத்தான் இவ்வளவு தெரிகிறதே. பொய் சொல்லாத தண்ணீர் எங்கேயாவது இருந்தால், ஒரு குடம் கொண்டுவாயேன்.”